ஸ்பேம் பெட்டிக்குள் போன கடிதம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அதில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

சென்ற வைகாசி கருட சேவையன்று காலையில் கங்கைகொண்டான் மண்டபம் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். பின்னாலிருந்து "சார்" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் என்னிடம் கடைசியாகப் படித்த பிள்ளைகளில் ஒருத்தி. நான் ஓய்வு பெற்ற வருஷம் அவள் பதினொன்றாம் வகுப்பு. பிள்ளையார்பாளையத்தில் வீடு, அப்பா கூலிக்கு நெய்பவர். கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டுப் போனதும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுத்துவிட்டு, ராத்திரி கணக்குப் போடுகிற பெண். பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதவில்லை.

"என்னம்மா, இன்ஜினியரிங் எப்படிப் போகுது?" என்று கேட்டேன். முகம் கொஞ்சம் மாறியது. "இல்ல சார், இங்கேயே பி.எஸ்சி. மேக்ஸ் சேர்ந்துட்டேன். அந்த ஸ்காலர்ஷிப் கிடைக்கல" என்றாள். "ஏன், உனக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும்?" என்று நான் விடாமல் கேட்க, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஆசிரியர் படிவம் வரலைன்னு சொல்லி நிராகரிச்சுட்டாங்க சார்."

எனக்குக் கால் கீழே தரையில்லை.

நடந்தது இதுதான். 2023 ஜூனில் அவள் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருந்தாள். சென்னையில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷச் செலவையும் அவர்கள் ஏற்பார்கள். விண்ணப்பத்தில் தன்னை நன்றாகத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சல் முகவரி தர வேண்டும். அந்த ஆசிரியருக்கு ஒரு படிவம் வரும், 15 நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் என் முகவரியைக் கொடுத்தாள். நானும் நாலைந்து நாள் இன்பாக்ஸைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த சுற்றுக்கு அவளைக் கூப்பிடவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும், சாரிடம் ஒரு தடவை சொன்னதை மறுபடி எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு இருந்துவிட்டாள். அவள் அப்பா, "சாருக்கு எவ்வளவோ வேலை, ஞாபகம் இருந்திருக்காது, விடும்மா" என்றாராம்.

படிவம் வந்திருக்கிறது. ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்திருக்கிறது. என் மின்னஞ்சல் கணக்கில் அந்தப் பெட்டியில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும். இரண்டு வருஷம் கழித்து நான் எதைத் தேடுவது? அறக்கட்டளையின் அலுவலகத்தில் கேட்டு, எந்தத் தேதியில் எனக்கு அனுப்பினார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டேன். நான் இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரம்.

"ஸ்பேம் பெட்டியை ஏன் சார் பார்க்கல?" என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற புதிதில், 2022-ல், என் செல்போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. சென்ற மாதக் கரண்ட் பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று. அந்த வருஷம் நாடு முழுக்கப் பல பேருக்கு இதே மாதிரி வந்ததைப் பிற்பாடு பேப்பரில் படித்தேன். அன்று தெரியாது. பில் கட்டிய ரசீது மேஜை மேலேயே இருக்கிறது, ஆனாலும் பதற்றம். கூப்பிட்டேன். மறுமுனையில் மிகவும் மரியாதையாகப் பேசினான். ஓர் ஆப்பைப் போடச் சொன்னான், 10 ரூபாய் மட்டும் கட்டிப் பதிவைச் சரிசெய்யச் சொன்னான். அந்த ஆப் என் போன் திரையை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷத்தில் 48,000 ரூபாய் போய்விட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுத்தவன் நான்! 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. பணம் திரும்பவில்லை.

பையன் பெங்களூரிலிருந்து ஓடி வந்தான். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. போனிலும் மெயிலிலும் எல்லா வடிகட்டிகளையும் இறுக்கிவிட்டு, "அப்பா, ஸ்பேம்னு ஒரு பெட்டி இருக்கும். அதுல இருக்கிறது எல்லாம் திருடனுங்க. தயவுசெய்து அதைத் திறக்கவே திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன். அடுத்த வருஷம் அந்தப் பெண்ணின் படிவம் அந்தப் பெட்டிக்குள் போய் விழுந்தது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேண்டாத தபாலை நமக்கு வரும் முன்னாலேயே கம்பெனிக்காரர்கள் தடுத்துவிடலாமா? தடுக்க வேண்டுமா? தடுத்தால் எவ்வளவு?

வேண்டாத தபால் நமக்குப் புதிதில்லை. உங்களில் 40 வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும், அனாமதேயமாக ஒரு கார்டு வரும். கோயிலில் பாம்பு வந்து பேசியது, இதைப் படித்தவர்கள் இதேபோல இத்தனை பேருக்கு எழுதிப் போட்டால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டவனுக்கு இன்னது நடந்தது என்று. பயந்துபோய் உட்கார்ந்து எழுதியவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் காசு, ஒவ்வொன்றையும் கையால் எழுத வேண்டும். மின்னஞ்சலில் அனுப்புகிறவனுக்கு ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினாலும் ஏறக்குறையச் செலவே இல்லை. லட்சத்தில் ஒருத்தர் ஏமாந்தால் போதும், அவனுக்கு லாபம். அந்த ஒருத்தர் 2022-ல் நானாக இருந்தேன்.

முதல் ஸ்பேம் அனுப்பப்பட்டது 1978 மே 3-ஆம் தேதி என்பார்கள். அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் கேரி துர்க் என்பவர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். எல்லோரும் திட்டினார்கள். ஆனால் சிலர் கம்ப்யூட்டர் வாங்கவும் செய்தார்கள்! அங்கேதான் வினை பிடித்தது. ஸ்பேம் என்பது உண்மையில் டின்னில் அடைத்து விற்கும் ஒரு மாமிசத்தின் பெயர். 1970-ல் இங்கிலாந்து டெலிவிஷனில் வந்த ஒரு நகைச்சுவைக் காட்சியில், ஓட்டலில் எதைக் கேட்டாலும் அதிலே ஸ்பேம் இருக்கும். அதிலிருந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இனி கொஞ்சம் கணக்கு. பழைய மாணவர்கள் ஓடிப்போக வேண்டாம், போர்டுக்குக் கூப்பிட மாட்டேன்.

எனக்கு 1000 மெயில் வருகிறது, அதில் 900 குப்பை, 100 நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டி 99 சதவீதம் சரியாக வேலை செய்கிறது. நூற்றுக்கு 99 வாங்கினால் நான் தட்டிக்கொடுப்பேன், உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட வடிகட்டியிலும் 9 குப்பை உள்ளே வந்துவிடும், 1 நல்ல கடிதம் வெளியே போய்விடும். ரவை சலிக்கிற சல்லடை மாதிரிதான். கண்ணைப் பெரிதாக்கினால் கல் உள்ளே வரும், சிறிதாக்கினால் ரவையும் மேலேயே நின்றுவிடும். பையன் சல்லடையின் கண்ணைச் சிறிதாக்கினான். கல் வருவது நின்றது. மேலே நின்ற ரவையை நான் பார்க்கவில்லை.

வடிகட்டி எப்படி முடிவு செய்கிறது? இங்கிலாந்தில் தாமஸ் பேயஸ் என்ற பாதிரியார் எழுதிவைத்த ஒரு கணக்கு, அவர் இறந்தபின் 1763-ல் வெளியானது. பள்ளிக்கூடத்தில் பேயஸ் தேற்றம் என்று படித்தீர்களே, அதேதான். 2002-ல் பால் கிரஹாம் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் அதை வைத்து ஸ்பேமைப் பிடிக்கலாம் என்று எழுதிய கட்டுரை பிரபலமானது. விஷயம் எளிது. "உதவித்தொகை" என்ற சொல் வந்த பழைய கடிதங்கள் 200 என்று வைத்துக்கொள்வோம். அதில் 190 மோசடி. அப்படியானால் அடுத்து அந்தச் சொல்லோடு வருகிற கடிதம் மோசடியாக இருக்க வாய்ப்பு 95 சதவீதம். கூடவே "கடைசித் தேதி", "இந்த இணைப்பை அழுத்தவும்" என்றெல்லாம் இருந்தால் வாய்ப்பு இன்னும் ஏறும். இப்போதைய வடிகட்டிகள் இன்னும் எவ்வளவோ பார்க்கின்றன, ஆனால் அடிப்படை இதுதான்.

ஆக அந்த இயந்திரம் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. உதவித்தொகை என்ற பெயரில் அத்தனை பேர் ஏமாற்றியதால், உண்மையாகவே உதவித்தொகை தருகிறவர்களின் கடிதமும் சந்தேகத்துக்கு ஆளானது. ஆனால் ஒன்பது குப்பை உள்ளே வருவதால் எனக்கு என்ன நஷ்டம், ஒரு கடிதம் வெளியே போவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவன் நான்.

வடிகட்டியே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. "நீங்களே பார்த்து முடிவு பண்றேன்னு சொல்லி 48,000 விட்டீங்களேப்பா" என்று பையன் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. வயதானவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள், பயந்த சுபாவம் உள்ளவர்கள் எல்லோரையும் "உன் சாமர்த்தியம்" என்று விட்டுவிட முடியாது. ஆனால் தடுக்கிற வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

விளம்பர எஸ்.எம்.எஸ். தொல்லையை ஒழிக்க டிராய் 2018-ல் விதிமுறை கொண்டுவந்தது. மொத்தமாகச் செய்தி அனுப்புகிற கம்பெனிகள் தங்கள் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவோடு பொருந்தாததை டெலிபோன் கம்பெனி நிறுத்திவிடும். நல்ல திட்டம்தான். 2021 மார்ச் 8-ஆம் தேதி அதை முழுமையாக ஓடவிட்டார்கள். பல கம்பெனிகள் வாசகத்தை ஒழுங்காகப் பதிவு செய்யாததால் வங்கிகளின் ஓ.டி.பி. உட்பட ஏராளமான செய்திகள் போய்ச் சேரவில்லை. பணம் அனுப்ப முடியாமல், டிக்கெட் எடுக்க முடியாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். மறுநாளே அந்தச் சோதனையை ஏழு நாளுக்கு நிறுத்திவைத்தது டிராய். ஓ.டி.பி. வராவிட்டால் உடனே தெரிந்துவிடும், கூச்சல் போடுவோம், சரியாகிவிடும். வர வேண்டியது என்றே தெரியாத கடிதம் வராவிட்டால் யார் கூச்சல் போடுவது?

இன்னொரு வழியும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கிறது. தடுக்காமல் எச்சரிப்பது. 2024 செப்டம்பரில் ஏர்டெல், ஸ்பேமாக இருக்கலாம் என்று சந்தேகப்படும் அழைப்பு வரும்போது திரையில் அப்படியே எழுதிக் காட்ட ஆரம்பித்தது. மணி அடிக்கும், எடுப்பதும் எடுக்காததும் நம் இஷ்டம். 2025-ல் டிராய் விதிகளைத் திருத்தியபோது எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்க்கச் சொன்னது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. உங்கள் போனை எடுத்துப் பாருங்கள், தெரியும். போனுக்கு இப்படி விதிகள் இருக்கின்றன. மின்னஞ்சலுக்கென்று அமெரிக்காவில் 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் ஸ்பேம் மெயிலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தொல்லை தரும் மெயிலைப் பற்றிய ஒரு வரி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் இருந்தது. பேச்சுரிமையைப் பாதிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டது. ஆகவே மெயிலில் எதைத் தடுப்பது, எதை விடுவது என்பதை இன்று பெரும்பாலும் கம்பெனிகள்தான் தீர்மானிக்கின்றன.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் வெளியூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், "பட்டுப்புடவை பாக்கறீங்களா, நேரா தறியிலேயே வாங்கித் தர்றேன்" என்று யாராவது ஒருவர் கூடவே நடப்பார். அவர் கூட்டிப்போகிற எல்லாக் கடையும் மோசமில்லை, சொல்கிற எல்லாமும் உண்மையுமில்லை. அதற்காக ஊருக்குள் யாரும் யாரிடமும் பேசக்கூடாது என்று சட்டம் போட முடியுமா? நாம் செய்தது வேறு. அசல் பட்டுக்கு சில்க் மார்க் வந்தது, காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் அசல் என்று சொன்னால் முத்திரையைக் காட்டு என்கிறோம்.

மெயிலிலும் அப்படி ஒரு முத்திரை இருக்கிறது. இந்தக் கடிதம் உண்மையிலேயே இந்த முகவரிக்காரர்தான் அனுப்பினாரா, நடுவில் யாரும் மாற்றவில்லையா என்பதைச் சரிபார்க்கும் மின் கையெழுத்து. மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் கட்டாயம் அந்த முத்திரை வைத்திருக்க வேண்டும், இனி வேண்டாம் என்று சொல்ல ஒரே பொத்தான் கொடுக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் விதி கொண்டுவந்தன. நம் மாணவர் ஒருவர், நாலு தறி வைத்திருக்கிறார், சொந்தமாக வெப்சைட் போட்டு விற்கிறார். அவர் அனுப்புகிற பில் எல்லாம் வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் இந்த முத்திரையை அமைக்கவில்லை. காலேஜ் படிக்கிற அவர் பையன் ஒரு மத்தியானத்தில் சரிசெய்துவிட்டான்.

என் கருத்து இதுதான். பெயரைத் திருடி வருகிறவனை, வங்கி என்றும் மின்வாரியம் என்றும் பொய்ச் சொல்லி வருகிறவனை, கம்பெனிக்காரர்கள் வாசலிலேயே தடுக்கட்டும். அதில் தயவே வேண்டாம். ஆனால் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துச் சந்தேகப்படுவதாக இருந்தால், ஓரமாக எடுத்து வைக்கட்டும், எறிய வேண்டாம். எடுத்து வைத்ததை என்னிடம் சொல்லட்டும். வாரத்துக்கு ஒரு முறை "இந்த வாரம் இத்தனை கடிதத்தை ஒதுக்கியிருக்கிறோம், இன்னார் இன்னார் அனுப்பியது" என்று ஒரு பட்டியல் வந்திருந்தால், 2023-ல் நான் அந்தப் பெயரைப் பார்த்திருப்பேன்.

அதுவரை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

1. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு ஸ்பேம் பெட்டியைப் பார்க்கிறேன். அனுப்பியவர் பெயரையும் தலைப்பையும் மட்டும். உள்ளே இருக்கிற எந்த இணைப்பையும் தொடுவதில்லை. தெரிந்த பெயர் இருந்தால் "ஸ்பேம் இல்லை" என்று அழுத்துகிறேன். அடுத்த முறை இயந்திரமும் கற்றுக்கொள்ளும்.

2. கடிதம் எதிர்பார்க்கிற முகவரியை முன்னாலேயே தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

3. பணம், கரண்ட், வங்கி, பென்ஷன் என்று எது வந்தாலும் அதிலிருக்கும் எண்ணைக் கூப்பிடுவதில்லை. பாஸ்புக்கிலோ பில்லிலோ அச்சடித்திருக்கும் எண்ணைத்தான் கூப்பிடுகிறேன். அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுகிறேன்.

4. தொல்லை அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் 1909. பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930. வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

5. முக்கியமான மெயில் அனுப்பினால் ஒரு போனும் போடுங்கள். பெரியவர்களிடம் மறுபடி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இனி அந்த வேண்டுகோள். 2022-க்குப் பிறகு எனக்கு மெயில் எழுதி, பதில் வராமல், "சார் மறந்துட்டார்" என்று நினைத்துக்கொண்டவர்கள் உங்களில் இருக்கலாம். நான் மறக்கவில்லை. எனக்கு வந்து சேரவில்லை. தயவுசெய்து இன்னொரு தடவை எழுதுங்கள், எழுதிவிட்டுக் கூப்பிடுங்கள். கல்யாணப் பத்திரிகை அனுப்பியவர்களும்தான்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். தறியை விட்டு எழுந்து வந்து, "என்ன சார் நீங்க போய்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவள் இப்போது பி.எஸ்சி. கடைசி வருஷம். எம்.சி.ஏ. படிக்க வேறோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மறுபடியும் என் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறாள். சென்ற வாரம் போன் செய்து, "சார், படிவம் அனுப்பிட்டாங்களாம், பாருங்க" என்றாள். இன்பாக்ஸில் இல்லை. ஸ்பேமில் போய்ப் பார்த்தேன், ஒரு லாட்டரிக்கும் ஒரு கடன் கம்பெனிக்கும் நடுவில் இருந்தது.

அனுப்பிய முகவரியை அவளிடம் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு, அன்று ராத்திரியே நிரப்பி அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் அவர்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தும் கேட்டுவிட்டேன். சேர்ந்துவிட்டதாம். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
காஞ்சிபுரம்.